சில்லென்ற வீடும் சின்சில்லாவும்

வைகாசி மாதத்து மத்தியானம். சிங்கப்பூரிலிருந்து தம்பி மகள் வீடியோ காலில் வந்தாள். தன் முகத்தைக் காட்டாமல் ஒரு கூண்டைக் காட்டினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுருண்டை. அதற்கு அணிலின் வால், முயலின் முகம், எலியின் மீசை. உடம்புக்குப் பொருந்தாத அளவில் இரண்டு பெரிய காதுகள், இலை போல மெல்லியவை, முடியே இல்லாதவை.

"பெரியப்பா, இதுதான் சின்சில்லா. எங்க புளோக்குக்குக் கீழ யாரோ பெட்டியோட விட்டுட்டுப் போயிட்டாங்க. மீட்டு வச்சிருக்கவங்க, வளக்க ஆள் தேடுறாங்க. நான் எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

"எடுத்துக்க ஆத்தா. அதுக்கென்ன?"

"ரெண்டு வருசத்துல நாங்க ஊருக்கே வந்துருவோம்ல. இதுக்குச் சூடு ஆகாதாம். நம்ம கண்டரமாணிக்கத்து வீடுதான் சுவரெல்லாம் ரெண்டடி கனமாச்சே, உள்ள சில்லுன்னு இருக்குமே. அங்க வச்சுக்கலாம்ல?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. அந்த நேரத்தில் நான் அதே வீட்டின் வளவில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில், வெறும் உடம்போடு படுத்திருந்தேன். வெளியே தெருவில் கால் வைக்க முடியாத வெயில். உள்ளே உண்மையாகவே சில்லென்றுதான் இருந்தது. ஆனால் அந்தச் சில் யாருக்கு? என் தோலுக்குக் குளிர்ச்சியாக இருப்பது அந்தப் பஞ்சுருண்டைக்கும் குளிர்ச்சியா? இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட பதில்.

முதலில் அந்த முடியைப் பார்த்துவிடுவோம். நம் தலையில் ஒரு மயிர்க்காலிலிருந்து பெரும்பாலும் ஒரு முடி முளைக்கும். சின்சில்லாவுக்கு ஒரு மயிர்க்காலிலிருந்து ஐம்பது, அறுபது முடிகள் கற்றையாக வருகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது சுண்டுவிரல் நகத்தின் பரப்பில், 20,000 முடிகளுக்கு மேல். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இவ்வளவு அடர்த்தி வேறெதற்கும் கிடையாது. தெள்ளுப்பூச்சிகூட உள்ளே புகுந்து தோலைத் தொட முடிவதில்லை. இந்தக் கம்பளிக்குள் காற்று சிக்கிக்கொள்கிறது. சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. உடம்பின் சூடு வெளியே போகாமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஏன் போகக் கூடாது? அது பிறந்த இடம் அப்படி. சின்சில்லாவின் ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. இரண்டு இனங்கள் உண்டு. குட்டை வால் இனம் 3,000 மீட்டருக்கும் மேலே, உறையும் காற்றில் வாழ்வது. வீடுகளில் வளர்வதெல்லாம் நீண்ட வால் இனத்தின் வழிவந்தவை. அதன் காட்டு உறவுகள் இன்று சிலி நாட்டின் வறண்ட மலைச்சரிவுகளில் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. பகலில் பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். இருட்டியதும் கூட்டமாக வெளியே வரும். புல், செடிப்பட்டை, கள்ளிச்சதை ஆகியவைதான் உணவு. அங்கே மழை அரிது, இரவு குளிர். ஈரமும் புழுக்கமும் அந்த உடம்புக்குத் தெரியாதவை.

வியர்வைச் சுரப்பிகள் அதற்கு நம்மைப் போல வேலை செய்வதில்லை. நாயைப் போல இளைத்து இளைத்து வெப்பத்தைத் தள்ளவும் அதற்கு வராது. சூடு கூடினால் அதற்கு இருக்கும் ஒரே சன்னல் அந்தக் காதுகள். அவற்றுக்குள் ரத்தத்தை அதிகமாகப் பாய்ச்சி, மெல்லிய தோல் வழியே வெப்பத்தை வெளியே விடும். வளர்ப்பவர்கள் சின்சில்லாவின் காதைத்தான் முதலில் பார்ப்பார்கள். வெளிர் நிறமாக இருந்தால் நலம். சிவந்து நரம்போடித் தெரிந்தால் அறை சூடாகிவிட்டது என்று பொருள். அதற்கும் மேலே போனால் தட்டையாகப் படுத்துவிடும், எச்சில் வழியும், மூச்சு வாங்கும். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். 25ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. 27, 28 என்று போனால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம்.

செட்டிநாட்டு வீட்டின் சுவருக்குப் பல கதைகள் உண்டு. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசியது என்று ஊருக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவோம். தொட்டால் கண்ணாடி போல வழுவழுக்கும். ஆனால் குளிர்ச்சிக்குக் காரணம் பூச்சைவிடச் சுவரின் கனம்தான். கனமான சுவர் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் தருகிறது. காலையில் வெளிப்பக்கம் விழுந்த வெயில் உள்பக்கம் வந்து சேரப் பத்து மணி நேரம்கூட ஆகும். பகலின் உச்சமும் இரவின் தாழ்வும் சுவருக்குள்ளேயே ஒன்றோடொன்று கலந்து தேய்ந்துபோகின்றன. உள்ளே வந்து சேர்வது பகலும் இல்லை, இரவும் இல்லை, இரண்டின் சராசரி. கோடையில் ராத்திரி பத்து மணிக்கு அறைச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அது மத்தியான வெயில், இப்போதுதான் வந்து சேர்கிறது. அப்பத்தா பாயைச் சுருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்து படுத்ததற்குக் காரணம் அதுதான்.

சராசரி என்பதைக் கணக்காகவே போட்டுவிடலாம். எங்கள் பக்கம் மே மாதத்தில் பகல் உச்சம் 38 டிகிரியை ஒட்டியிருக்கும். இரவில் இறங்கினால் 26 வரை இறங்கும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 32. எவ்வளவு கனமான சுவர் வைத்துக் கட்டினாலும், வீட்டின் உட்பகுதி இந்த எண்ணைச் சுற்றித்தான் நிற்கும். பகலில் கதவு சன்னல்களை அடைத்து, இரவில் எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் காற்றோட்டம் கொடுத்தால் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைக்கலாம். ஆனால் வெளியே 26 என்றால் உள்ளே 26க்குக் கீழே கொண்டுவரக் காற்றாலும் முடியாது, சுவராலும் முடியாது. சரி, மார்கழி தை? அப்போது பகல் 30, இரவு 20, 21. சராசரி 25. ஆண்டிலேயே குளிர்ந்த மாதத்தில், செட்டிநாட்டிலேயே நல்ல வீட்டில், சின்சில்லா தன் எல்லைக்கோட்டின் மேல்தான் நிற்கும். கத்திரி வெயிலுக்கு அதனிடம் பதிலே இல்லை.

அப்படியானால் எனக்கு ஏன் சில்லென்றிருந்தது?

வெளியே 38ல் நின்றுவிட்டு 32க்குள் நுழைந்தால் உடம்பு அதைக் குளிர் என்றே எடுத்துக்கொள்கிறது. அது ஒரு பாதி. மறுபாதி, நான் படுத்திருந்த தரை. நம் தோலின் சூடு 33, 34 டிகிரி. தரை 31 என்று வையுங்கள். கல் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் முதுகிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. தரையே ஜில்லென்றிருப்பதாகத் தோன்றுகிறது. அதே 31 டிகிரியில் பக்கத்தில் கிடக்கும் பாய் அப்படித் தோன்றாது. வெப்பமானியை இரண்டின் மேலும் வைத்தால் ஒரே எண்ணைத்தான் காட்டும். வெளிநாட்டில் சின்சில்லா வளர்ப்பவர்கள் கூண்டுக்குள் ஒரு கருங்கல் பலகை போட்டு வைப்பார்கள். அது போய் அதன் மேல் நீட்டிப் படுத்துக்கொள்ளும். 22 டிகிரி அறையில் அது நல்ல சுகம். 31 டிகிரிக் கல்லின் மேல் அடர்ந்த ரோமத்தோடு படுத்தால் பெரிதாக எதுவும் நடக்காது.

காற்றாடியும் அப்படியே. காற்று நம்மைக் குளிர வைப்பது நம் வியர்வையை ஆவியாக்குவதால். வியர்க்காத உடம்புக்கு முன்னால் காற்றாடியைச் சுழலவிட்டால் சூடான காற்று வேகமாக வந்து மோதும், அவ்வளவே. வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கலாமே என்றால், சூடு குறையும்தான், ஆனால் ஈரம் ஏறும். சின்சில்லா வளர்ப்பவர்களிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு: அறையின் சூட்டை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத விழுக்காட்டை அதோடு கூட்டு, 150ஐத் தாண்டக் கூடாது. ஐப்பசி மழைக்காலத்தில் எங்கள் ஊரில் இதமாக இருக்கிறது என்று நாம் சொல்லும் நாளில் 27 டிகிரி, அதாவது 81 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 80. கூட்டினால் 161.

ஈரம் அதற்கு இன்னொரு வகையிலும் பகை. அந்த ரோமம் நனைந்தால் எளிதில் காயாது. காயாத ரோமத்துக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். அதனால் சின்சில்லாவைத் தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. அது குளிப்பது புழுதியில். தம்பி மகள் அதையும் காட்டினாள். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மாவு போன்ற சாம்பல் தூளைக் கொட்டி உள்ளே வைத்தாள். கூண்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது மீசையை மட்டும் நீட்டி மோந்து பார்த்தது. பிறகு ஒரே தாவல். கிண்ணத்துக்குள் மல்லாந்து, இடமும் வலமுமாக, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் உருண்டது. திரை முழுதும் புகை மாதிரி தூள். அரை நிமிடத்தில் எழுந்து உதறிக்கொண்டபோது ரோமம் இரண்டு மடங்கு உப்பியிருந்தது. மிக நுண்ணிய அந்தத் தூள் முடிக்கு முடி ஊடே போய் எண்ணெய்ப் பசையையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு உதிர்கிறது. ஆண்டிஸில் எரிமலைச் சாம்பல் இந்த வேலையைச் செய்கிறது. எங்கள் தெருவில் கோழியும் சிட்டுக்குருவியும் செம்மண்ணில் குழி பறித்துப் புரளுவதும் இதே வேலைதான். ஆனால் செம்மண்ணைச் சின்சில்லாவுக்குக் கொடுக்க முடியாது. அதன் மணல் பருக்கைகள் அந்த மெல்லிய முடியை அறுத்துவிடும்.

இந்த முடிதான் அதன் உயிருக்கு உலை வைத்ததும். ஆண்டிஸ் பழங்குடிகள் காலங்காலமாக இதன் தோலைப் பயன்படுத்தியவர்கள். சின்ச்சா என்ற மக்களின் பெயரிலிருந்தே இதன் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் மேலங்கிக்கு இது வேண்டியதாயிற்று. ஒரு முழு அங்கிக்கு நூறு உயிருக்கு மேல். 1828க்கும் 1916க்கும் இடையில் கொல்லப்பட்டவை 2 கோடியைத் தாண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1910ல் சிலி, பொலிவியா, பெரு, அர்ஜென்டினா நான்கும் கூடி வேட்டையைத் தடைசெய்து ஒப்பந்தம் போட்டபோது மலை ஏறக்குறையக் காலியாகியிருந்தது. மிஞ்சியவற்றைக் காக்க சிலி அரசு 1983ல் ஒரு காப்பகம் அமைத்தது. இரண்டு இனங்களும் இன்றும் அருகும் பட்டியலில்தான் இருக்கின்றன.

வளர்ப்புச் சின்சில்லாக்களின் கதை மத்தியாஸ் சாப்மன் என்பவரிடம் தொடங்குகிறது. சிலியில் செப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர். ஆட்களை வைத்து மூன்று ஆண்டு தேடியும் அவரிடம் உயிரோடு தங்கியவை 11தான். அவற்றை மலையிலிருந்து நேரே கடற்கரைக்குக் கொண்டுவந்தால் தாங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, ஏறக்குறைய ஓராண்டு எடுத்துக்கொண்டு, உயரம் குறைத்துக் குறைத்து இறக்கினார். கப்பலில் கூண்டுகளுக்குப் பனிக்கட்டி வைத்து நிலநடுக்கோட்டைத் தாண்ட வைத்தார். 1923ல் 11ம் கலிபோர்னியாவில் இறங்கின. இன்று உலகத்து வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வாரிசுகள். அதே காலத்தில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் ரங்கூனிலிருந்து கப்பலில் தேக்கு கொண்டுவந்து இந்த வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேக்கு இங்கே நூறு ஆண்டாக நிற்கிறது. சின்சில்லாவோ தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தும் தன் மலையைத் தோலோடு சுமந்துகொண்டே இருக்கிறது. நூறு ஆண்டு வளர்ப்பு அதன் நிறத்தை மாற்றியிருக்கிறது, வெப்பம் தாங்கும் உடம்பைத் தரவில்லை.

சாப்மனின் நோக்கம் செல்லப்பிராணி அல்ல, தோல். அவர் வழியில் பண்ணைகள் பெருகின. அந்தப் பண்ணைகளின் வழிவந்தவைதான் பிற்பாடு வீடுகளுக்குச் செல்லப்பிராணிகளாக வந்தன. 2014ல் 'தி சிம்ப்சன்ஸ்' தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான சாம் சைமன், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில், கலிபோர்னியாவில் ஒரு சின்சில்லா தோல் பண்ணையை மூடுவதற்குப் பணம் கொடுத்தார். அங்கிருந்து வெளியே வந்தவை 400க்கு மேல். அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.

மீட்கப்பட்டதை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பண்ணையிலும் நெருக்கடியிலும் வளர்ந்தது தன் ரோமத்தைத் தானே கடித்துக் கத்தரித்துக்கொள்ளும். தோள் வரை பஞ்சும் இடுப்பில் மொட்டையுமாக வரும். ஓடிப் பிடித்தால் பிடித்த இடத்து முடியைக் கொத்தோடு விட்டுவிட்டுத் தப்பும். பல்லி வாலை விடுவது போல, கழுகின் நகத்திலிருந்தும் நரியின் வாயிலிருந்தும் தப்ப அது கற்ற வித்தை அது. விட்ட இடத்தில் முடி முளைக்க மாதங்கள் ஆகும். பத்து நாள் கூண்டுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பழக வேண்டும். உணவும் எளிமைதான், காய்ந்த புல். பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் நார்ப்புல்லை ஓயாமல் அரைத்துத் தேய்க்க வேண்டும். முன்பல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அதுதான் ஆரோக்கியம்; எனாமலில் இரும்பு இருக்கிறது. விருந்தோம்பல் குணத்தில் முந்திரியும் திராட்சையும் நீட்டினால் குடல் கெடும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதற்கு வழியில்லை. பதினைந்து ஆண்டு வாழும். இருபதைத் தாண்டியவையும் உண்டு.

பதினைந்து ஆண்டு என்ற எண்ணைத்தான் தம்பி மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "ரெண்டு வருசத்துல வந்துருவோம்னு சொல்றியே ஆத்தா. மிச்சம் பதிமூணு வருசம் அது எங்க இருக்கும்?"

ஏ.சி. போட்ட அறை ஒன்று ஒதுக்கலாம் என்றாள். போடலாம். ஆனால் ஏ.சி. இரவும் பகலும் ஒரு நாள் விடாமல் ஓட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு மின்சாரம் நின்றால் மாலைதான் வரும். நமக்கு அது விசிறிமட்டை எடுக்கும் நாள். அதற்கு அது கடைசி நாளாக இருக்கலாம். ஜெனரேட்டர், அதைப் போட ஆள், ஆள் ஊருக்குப் போனால் இன்னோர் ஆள் எல்லாம் வேண்டும். கலியாணம், காரியம் என்று நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற குடும்பம் நம்முடையது. உடம்புக்கு வந்தால் பார்க்க, பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஆடு, மாடு, கோழிக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சின்சில்லாவின் கடைவாய்ப் பல்லைப் பார்த்தவர் எத்தனை மைல் தள்ளி இருப்பார்?

சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருகிறவர் தன்னோடு செல்லப்பிராணியாகக் கொண்டுவர வழி இருப்பது நாய், பூனைக்கு. மற்ற விலங்குக்கு இறக்குமதி உரிமமும் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்த விலங்குகள் அடிக்கடி பிடிபடுகின்றன. 2019 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறுத்தைக் குட்டி ஒன்று கூடையில் வந்தது. அது வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனது. அதே ஆண்டின் பிற்பகுதியில் கங்காரு எலிகளும் பிரெய்ரி நாய்களும் வந்தன; அவற்றை வந்த விமானப் பாதையிலேயே திருப்பி அனுப்பினார்கள். போகவும் வரவும் மூச்சு முட்டும் பெட்டி. காட்டுச் சின்சில்லா பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலின் முதல் வரிசையில் இருக்கிறது, வளர்ப்பு வகைக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு இருப்பதால் தாள் இல்லாமல் வரலாம் என்று ஆகாது.

கடைசியில் அவள் அதை எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போதே, தான் ஊருக்கு வருகிற நாளில் வாங்கிக்கொள்ள அங்கேயே இன்னொரு குடும்பத்தையும் பேசி வைத்துக்கொண்டாள். அவர்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, துணையும் ஆகும். அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

உயிர்களோடு பழக ஆசைப்பட்டால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. திருப்பத்தூர் வழியில் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. 1977லிருந்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் பகுதி. கண்மாய் நிறைந்த மழைக்காலத்தில் நத்தைக்குத்தி நாரைகளும் கொக்குகளும் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும். அவை மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ஒரு பறவையையும் அவர்கள் கூண்டில் வைக்கவில்லை, பெயர் சூட்டவில்லை.

படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மீட்கப்பட்ட சின்சில்லா இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று தமிழ்நாட்டில் யாராவது சொன்னால், அது எப்படி இந்த நாட்டுக்குள் வந்தது என்று கேட்டு இறக்குமதித் தாளைப் பாருங்கள். தாள் சரியாக இருந்தாலும் அவசரப்படாதீர்கள். சித்திரை மாதம் ஒரு ராத்திரி, பன்னிரண்டு மணிக்கு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதை வைக்கப்போகிற அறையில் ஒரு வெப்பமானியை மாட்டிப் படித்துப் பாருங்கள். 24க்கு மேல் காட்டினால் எடுக்காதீர்கள்.